சமூக மக்கள் கட்சியா, தொழிலாளர் விவசாயிகள் கட்சியா: ஜப்பான், 1928

1925இல் 25 வயது நிறைந்த ஆண்களுக்கு வாக்குரிமை விரிவாக்கப்பட்டபின் நடந்த முதல் பொதுத்தேர்தலில், ஜப்பானின் தொழிலாளி யாரை நம்புவது என்று தடுமாறியதில் வியப்பில்லை.

அடித்தளம்: அபே இசோ தலைமையில் 1926 டிசம்பரில் உருவான சமூக மக்கள் கட்சிக்குத் துணை நின்றது, மிதவாதத் தொழிற்சங்கமான சோதோமெய். ஓயாமா இகுவோவின் தொழிலாளர் விவசாயிகள் கட்சிக்கோ குத்தகை விவசாயிகளும் இடதுசாரிச் சங்கங்களும் துணை.

வழி: முன்னது சட்டத்துக்குட்பட்ட சீர்திருத்தத்தை நாடி, கம்யூனிஸ்டுகளோடு சேர மறுத்தது, பின்னது அவர்களுக்கும் இடமளித்தது.

பலன்: மொத்த வாக்குகளில் இடதுசாரிக் கட்சியே முந்தியது, ஆனால் தொகுதிகள் அதற்கு 2, மிதவாதிகளுக்கு 4. தோக்கியோவில் அபேயும், ஒசாகாவில் தொழிற்சங்கத் தலைவர்களான சுசுகி புஞ்சியும் நிஷியோ சுஎஹிரோவும் வென்றனர்.

ஆயுள்: கம்யூனிஸ்டுகளைக் குறிவைத்து நாடெங்கும் நடந்த மார்ச் 15 கைதுகளைத் தொடர்ந்து ஏப்ரலிலேயே இடதுசாரிக் கட்சியை அரசு கலைத்தது, அதன் உறுப்பினரான யமமோத்தோ செஞ்சி, இடதுசாரிகளை ஒடுக்கப் பயன்பட்ட அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தின் கடுமையை எதிர்த்து நின்று, 1929 மார்ச்சில் குத்திக் கொல்லப்பட்டார். மிதவாதக் கட்சியோ 1932இல் வேறொரு கட்சியுடன் இணைந்து சமூக வெகுஜனக் கட்சியாகும்வரை நீடித்தது. ஆனால் அதற்குச் சற்று முன்பே, தலைவர்களில் ஒருவரான அகமத்சு கத்சுமாரோ தேசியவாதத்தின் பக்கம் சாய்ந்து வெளியேறினார். மிதவாதம் அவரைத் தடுக்கவில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

சங்கத்தையும் வேலையையும் காத்துக்கொண்டு நாடாளுமன்றத்தில் குரல் தேடிய ஆலைத் தொழிலாளிக்கு முன்னது பொருந்தியது. நிலவுடைமையாளரை நேருக்கு நேர் எதிர்த்த குத்தகை விவசாயிக்கு, அடக்குமுறை நிச்சயம் என்றபோதும், பின்னதே பொருந்தியது.