டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்தேன், 38,500 ரூபாய் போச்சு!

கடலூர்க்காரர்கள் கொஞ்சம் கவனியுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் போனைக் கொடுத்து, கணக்கில் இருந்த 38,500 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு வயிறெரிந்து எழுதுகிறேன். புகார் நடக்கிறது, அதனால் கடை பெயர் வேண்டாம்.

கடைக்காரர் அவ்வளவு பணிவு. என் கண் முன்னாலேயே பழைய கண்ணாடியைச் சூடு காட்டிக் கழற்றினார். சிம்மை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சார், டவர் எடுக்குதான்னு பார்க்கணும். பேட்டர்ன மட்டும் இதுல போட்டுட்டுப் போங்க" என்று ஒரு சீட்டை நீட்டினார். பெயர், போன் நம்பர், கீழே ஒன்பது புள்ளிகள். அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்! முறையாகத் தொழில் செய்கிற கடை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மதியம் மகளுக்கு ஒரு மெயில். என் கூகுள் கணக்குக்கு மீட்பு முகவரியாக அவளுடையதைக் கொடுத்திருந்ததால், புதிய சாதனத்தில் யாரோ உள்நுழைந்திருப்பதாக அவளுக்கும் எச்சரிக்கை போயிருக்கிறது. உடனே கடைக்குப் போன் போட்டாள். "டிஸ்ப்ளே மாத்தினா அப்படி வரும்மா, எல்லா போனுக்கும் வரும்."

வராது. டிஸ்ப்ளேயை மாற்றினாலும் போன் அதே போன்தான். வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ என் கணக்கில் நுழைந்தால் வருகிற மெயில் அது. உள்நுழைவது நீங்கள்தானா என்று கூகுள் கேட்டால் 'ஆமாம், நான்தான்' என்று தட்டவும் என் போனே அவர்கள் கையில் இருந்தது.

சாயங்காலம் போன் பளபளவென்று வந்தது. சில நாள் கழித்து கரன்ட் பில் கட்டப் போனால் இருப்பு இல்லை. ஷாப்பிங் செயலியில் கார்டு விவரம் சேமிப்பில் இருக்கிறது, ஓடிபி அதே போனுக்கு வருகிறது. 38,500 ரூபாய்க்கும் கிஃப்ட் கார்டாக வாங்கித் தள்ளியிருக்கிறார்கள். எஸ்எம்எஸ் எல்லாம் அழிக்கப்பட்டிருந்தது. ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது: வங்கியிலிருந்து வரும் மெயில் நேரே குப்பைத்தொட்டிக்குப் போகும்படி ஒரு ஃபில்டர். செல்போன் செயலியில் இந்த ஃபில்டர் பட்டியலே தெரியாது. என்ன மூளை பாருங்கள்! தவறு வங்கி மேலும் இல்லை, வாடிக்கையாளர் மேலும் இல்லை என்றால், பணம் போன தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி சொன்ன விதி. தகவலே கண்ணில் படாவிட்டால் எங்கே போய்ச் சொல்வது?

கடையில் கேட்டால், "நாங்க டிஸ்ப்ளே மட்டும்தான் சார் மாத்தினோம், அந்தப் பையன் இப்ப வேலையில இல்ல." கேமரா? "அது சும்மா மாட்டி வச்சது." வங்கியில், "ஓடிபி சரியா போட்டிருக்கே, உங்க போன்லேர்ந்துதானே போயிருக்கு?" ஷாப்பிங் தளத்தின் சாட்டில் யாரிடம் பேசினாலும் முதல் வரி "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்", கடைசி வரி "பயன்படுத்திய கிஃப்ட் கார்டை ரத்து செய்ய இயலாது". வருத்தத்தை வைத்து 38,500 ரூபாயை நான் என்ன செய்ய?

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. சிம்மைக் கழற்றாமல் போனைக் கொடுக்காதீர்கள். பேட்டர்ன், பின் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். சாம்சங்கில் மெயின்டெனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் மெயில், படம் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. உள்நுழைவு எச்சரிக்கை வந்தால் அந்த மெயிலில் உள்ள லிங்கைத் தொடாமல், கூகுள் கணக்கில் பாதுகாப்பு பகுதிக்குப் போய் 'உங்கள் சாதனங்கள்' பாருங்கள். தெரியாத போன் இருந்தால் அதை வெளியேற்றிவிட்டு, பாஸ்வேர்டை மாற்றி, ஃபில்டரையும் பாருங்கள். பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன், அப்புறம்தான் கடைக்காரரிடம் சண்டை.

அந்தப் பக்கம் போன் கொடுத்துப் பணம் விட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.