இந்த ஜார் எந்த பில்டில் பிறந்தது? ஜென்கின்ஸுடன் ஆறு ஆண்டுகள்

எங்கள் மென்பொருள் ஐந்து பாகங்களால் ஆனது. பில் போடுவது ஒன்று, சரக்கு இருப்பு ஒன்று, கணக்கு ஒன்று, இம்மூன்றுக்கும் அடியில் பொதுவான ஒரு லைப்ரரி, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் நிறுவி. ஐந்துக்கும் தனித்தனி நிரல் களஞ்சியங்கள். தனித்தனியாக ஓடவிட்டால் எல்லாம் சோதனையில் தேறிவிடும். சேர்த்து வைக்கும்போதுதான் வம்பு.

ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவரிடம் வரித் தொகை ஒரு ரூபாய் பிசகியது. அந்தப் பிழையை லைப்ரரியில் இரண்டு வாரங்களுக்கு முன்பே திருத்தியாயிற்று என்று நான் அடித்துச் சொன்னேன். திருத்தியது உண்மைதான். ஆனால் பில் பகுதிக்குள் லைப்ரரியின் பழைய ஜார் கோப்பே (கட்டி முடித்த ஜாவா நிரல் அடங்கிய கோப்பு) இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போயிற்று. அந்த வாரமே, நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் கருவியான ஜென்கின்ஸில் கைரேகைப் பதிவை எல்லாப் பாகங்களுக்கும் போட்டோம். இந்த மதிப்புரையை நான் எழுதுவதே அந்த வசதிக்காகத்தான்.

2004இல் கோசுகே கவாகுச்சி சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஹட்சன் என்ற பெயரில் தொடங்கி, சன்னை வாங்கிய ஆரக்கிளுடன் ஏற்பட்ட பெயர் உரிமைத் தகராறால் 2011இல் பெயர் மாறிய கருவி ஜென்கின்ஸ். பார்வைக்குப் பழசு. ஆனால் பல பாகங்கள் கொண்ட திட்டத்தில் மனிதர்கள் எங்கே தவறுவார்கள் என்பதை அறிந்தவர்கள் செய்தது என்பது பயன்படுத்தும்போது தெரிகிறது.

ஒவ்வொரு ஜார் கோப்புக்கும் எம்டி5 மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி; கைரேகை என்பது இதுதான்) கணக்கிட்டு, எந்த பில்டில், அதாவது நிரலைக் கட்டிய எந்த ஓட்டத்தில், அது உருவானது, பிறகு எந்தெந்த பில்டுகள் அதை எடுத்துக்கொண்டன என்று ஜென்கின்ஸ் குறித்து வைக்கிறது. வாடிக்கையாளரின் கணினியிலிருந்து ஒரு ஜாரை எடுத்துவந்து கைரேகை சரிபார்க்கும் பக்கத்தில் பதிவேற்றினால் போதும். கோப்பின் பெயரை யாராவது மாற்றியிருந்தாலும் அது பிறந்த பில்டின் எண் வந்து நிற்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தருகிற பாகம், வாங்குகிற பாகம் இரண்டிலுமே கைரேகை பதிவாக வேண்டும். ஒருமுறை கட்டிய ஜாரையே கடைசிவரை கைமாற்ற வேண்டும். நிறுவியைக் கட்டும்போது லைப்ரரியை மறுபடி கட்டினால், நிரல் ஒன்றாகவே இருந்தாலும் ஜாருக்குள் பதியும் நேரக்குறிப்பு மாறும், கைரேகையும் மாறிவிடும். நாங்கள் முதலில் அப்படித்தான் மறுபடி மறுபடி கட்டிக்கொண்டிருந்தோம். இப்போது காப்பி ஆர்ட்டிஃபாக்ட் என்ற பிளக்இன் (கூடுதல் வசதி தரும் சிறு இணைப்பு நிரல்) மூலம் அதே கோப்பை எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்று, காத்திருப்பு நேரம். லைப்ரரியில் ஒரு வரி மாறினால் மூன்று பாகங்கள் கட்டப்படும். மூன்றும் முடிந்து ஒவ்வொன்றும் நிறுவியைத் தட்டி எழுப்பும். அழைப்பு வந்தபின் கட்டத் தொடங்குமுன் ஜென்கின்ஸ் இயல்பாகக் காத்திருப்பது 5 விநாடிகள்தான். நிறுவிக்கு மட்டும் அதை 600 விநாடிகளாக உயர்த்தினோம். அதற்குள் வரும் அழைப்புகள் வரிசையில் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், மூன்று முறை ஓடியது பெரும்பாலும் ஒரே முறை ஓடுகிறது.

குறை சொல்வதென்றால் பராமரிப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிளக்இன்கள் இருக்கின்றன. கண்ணில் பட்டதையெல்லாம் போடக் கூடாது. நீண்டகால ஆதரவுப் பதிப்பின் அடித்தளம் 12 வாரங்களுக்கு ஒருமுறை மாறும். அதைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். ஒரே களஞ்சியத்தில் எல்லாவற்றையும் வைத்திருக்கும் சிறு குழு இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. களஞ்சியத்தை வைத்திருக்கும் தளமே தரும், நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் பைப்லைன் வசதி அவர்களுக்குப் போதும்.

நிறுவுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இடத்தை மிச்சப்படுத்தப் பழைய பில்டுகளை அழிக்கும் அமைப்பை எல்லோரும் போடுவார்கள். ஒரு கோப்பைச் சுட்டும் பில்டுகள் அத்தனையும் அழிந்தால் அதன் கைரேகையும் துடைக்கப்பட்டுவிடும். அதனால் வாடிக்கையாளரிடம் ஒரு பதிப்பு போகும் நாளில், நிறுவியின் அந்த பில்டையும் அதற்குள் போன நான்கு பாகங்களின் பில்டுகளையும் திறந்து, நிரந்தரமாக வைத்திருக்கும் பொத்தானை அழுத்திவிடுங்கள். நான் அதை முடித்துவிட்டுத்தான் பதிப்பு வெளியானதாக அறிவிக்கும் மின்னஞ்சலையே எழுதத் தொடங்குவேன்.