பதிப்புரிமைப் பதிவு செய்து தரும் சென்டர்: 5க்கு 2 ஸ்டார்

நான் வரைந்த மார்கழிக் கோலத்தை, ஓரத்தில் இருந்த என் பெயரை மட்டும் வெட்டிவிட்டு யாரோ வாட்ஸ்அப்பில் சுற்றவிட, அது எங்கள் குடும்ப குரூப்புக்கே ‘நீயும் இப்படிப் போடு’ என்று வந்து சேர்ந்தது. கடுப்பில் பக்கத்துத் தெரு ஆன்லைன் சென்டரில் பதிப்புரிமைப் பதிவுக்கு 3,500 கொடுத்தேன். விண்ணப்பம் சரியாகத்தான் போட்டார்கள், விண்ணப்பத்தை அடையாளம் காட்டும் டைரி எண்ணும் வந்தது. ஆனால் இதற்கு அரசுக் கட்டணம் வெறும் 500, நாமே இணையத்தில் போடலாம், ஆட்சேபம் வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒருவரும் சொல்லவில்லை. அதைவிட, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வரைந்ததுமே உரிமை நமக்குத்தான், பதிவு ஒரு சாட்சி, அவ்வளவே. ‘இனி யாரும் ஃபார்வர்டு பண்ண முடியாது மேடம்’ என்றார் அந்தத் தம்பி. சான்றிதழ் போய் ஃபார்வர்டு பட்டனைப் பூட்டுமா? பிரிண்ட் அவுட் மட்டும் பளிச். இப்போதெல்லாம் பெயரை நடுப்புள்ளியை ஒட்டியே எழுதுகிறேன்.