பழைய புல்லட்டுக்கு டைமிங்: சிகரெட் பேப்பரா, ஆம்மீட்டர் முள்ளா, ஸ்ட்ரோபா?

திருவொற்றியூரில் வார்ப்பிரும்பு எஞ்சினோடு செய்த புல்லட் 350-க்கு, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் (ஸ்பார்க் தரும் காயிலின் மின்சாரத்தை அறுக்கும் தொடுமுனைகள்) திறக்க வேண்டும். டைமிங் என்பது இந்தக் கணம்தான். ஸ்ட்ரோக் 90 மி.மீ. என்பதால், கிராங்க் தண்டு சுழலும் கணக்கில் அது ஏறத்தாழ 9, 10 டிகிரி. திறக்கும் அந்த நொடியை எதை வைத்துப் பிடிப்பது என்பதில்தான் ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு பக்கம் நிற்கிறது.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை பாயிண்ட் கேப், அதாவது முழுதாகத் திறந்த முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைக்கலாம். டைமிங் வைத்துவிட்டுக் கேப்பைத் தொட்டால் அத்தனையும் வீண். கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து டைமிங் அட்வான்ஸ் ஆகும் (முந்தும்), குறைந்தால் ரிட்டார்ட் (பிந்தும்). பாயிண்டைத் திறக்கும் கேமில் உரசும் ஃபைபர் துண்டு தேயத் தேய வண்டி மந்தமாவது இதனால்தான்.

சிகரெட் பேப்பர் முறைக்குச் செலவே இல்லை. பாயிண்ட் நடுவில் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே எஞ்சினைச் சுற்றினால், பிடி விடும் இடமே திறக்கும் இடம். ஆனால் பேப்பருக்கும் ஒரு தடிமன் உண்டே! அது நழுவுவதற்குச் சற்று முன்பே மின்சாரம் அறுந்திருக்கும். இழுக்கும் கைக்குக் கை அளவும் மாறும். நூல் பிசிறு பாயிண்டில் ஒட்டிக்கொண்டால் ஸ்பார்க்கும் கெடும்.

என் ஓட்டு ஆம்மீட்டருக்கு. பேட்டரிக்கு மின்சாரம் போவதையும் வருவதையும் காட்ட ஹெட்லைட் மேலேயே இருக்கும் கருவி, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். சாவியைப் போட்டால், பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். திறந்த கணமே நடுவுக்குத் துள்ளும். காயில் சர்க்யூட்டே சொல்லும் பதில் என்பதால் கைப்பழக்கத்துக்கு இதில் இடமில்லை. முள் மந்தமான வண்டியில் பாயிண்டுக்குக் குறுக்கே ஒரு சிறு பல்பை மாட்டினால், திறக்கும்போது எரியும். எஞ்சினை எப்போதும் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். பின்னோக்கித் திருப்பினால் டைமிங் கியர்களின் ஆட்டம் அளவில் சேர்ந்துவிடும். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை வெகுநேரம் விடாதீர்கள், காயில் சூடேறும்.

ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னி, சுழலும் குறியை நின்றதுபோல் காட்டும் ஸ்ட்ரோப் லைட், மற்ற இரண்டும் காட்டாததைக் காட்டும்: ஓடும்போது, வேகம் கூடக்கூட டைமிங்கை முந்தவைக்கும் அட்வான்ஸ் எடைக்கட்டிகள் விரிகின்றனவா என்பதை. அதற்காக அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்த எஞ்சினில் கிராங்க் முனை பிரைமரி செயின் கேஸுக்குள், ஆயிலோடு இருக்கிறது. கேஸைத் திறந்து, கிராங்க் முனையில் சுற்றும் ரோட்டரில் நாமே குறி போட்டு, தெறிக்கும் ஆயிலுக்கு நடுவே பார்க்க வேண்டும். அதற்குப் பதில் கேமை விரலால் திருப்பி விட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் உடனே பழைய இடத்துக்கு இழுத்தால், எடைக்கட்டிகள் சிக்கவில்லை என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்.

டைமிங் வைக்கத் திருப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் (பாயிண்டும் கேமும் இருக்கும் கூடு), திருகுகளை இறுக்கும்போது லேசாக நகரும். இறுக்கிய பின் இன்னொரு முறை சுற்றி, முள் அதே இடத்தில் துள்ளுகிறதா என்று பார்த்த பிறகே கிக்கரில் கால் வையுங்கள். அட்வான்ஸ் மிஞ்சிய புல்லட்டின் பேக் கிக் (கிக்கர் திருப்பி உதைப்பது) கணுக்காலைப் பதம் பார்த்துவிடும்.