ஈயா, புழுவா? முனைவர் பட்ட ஆய்வுக்கு எதை வளர்ப்பது

முதல் ஆண்டில் ஈ ஆய்வகம் ஒன்றிலும் புழு ஆய்வகம் ஒன்றிலும் இரண்டிரண்டு மாதம் இருந்து பார்த்துவிட்டு, புழுவின் பக்கம் போனேன். இப்போது நான்காம் ஆண்டு. அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

தெரிந்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டுமே செலவு குறைவு. எலிக்குப் போல நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் காத்துக் கிடக்க வேண்டாம். பழ ஈ, அதாவது டிரோசோபிலா, 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈயாக 10 நாள் எடுக்கும். சி. எலிகன்ஸ் என்ற சின்ன உருளைப்புழு 20 டிகிரியில் மூன்றரை நாளில் வளர்ந்துவிடும். ஈக்கு 1910-ல் மரபியலாளர் மார்கன் கண்ட வெள்ளைக் கண் ஈயிலிருந்து தொடரும் மரபியல் இருக்கிறது. புழுவின் மரபியலுக்கு அடித்தளம் சிட்னி பிரென்னரின் 1974 ஆய்வுக் கட்டுரை.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். ஈயை நடைமுறையில் உறைய வைத்துச் சேமிக்க முடியாது. கருக்களை உறைய வைக்கும் முறை ஒன்று 2021-ல் வெளியானது. எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் யாரும் கையில் எடுக்கவில்லை. ஆக, ஒவ்வொரு ஸ்டாக்கும், அதாவது தனித்தனியாகப் பேணும் ஒவ்வொரு மரபு வகையும், உயிரோடு இருந்தாக வேண்டும். 18 டிகிரியில் வைத்தாலும் மாதத்துக்கு ஒருமுறையாவது புதுக் குப்பிக்கு மாற்ற வேண்டும். குப்பியை ஸ்பாஞ்சின் மேல் டக் டக்கென்று தட்டி, ஈக்கள் கீழே விழுந்து மறுபடி ஏறுவதற்குள் புதுக் குப்பியின் வாயோடு வாய் வைத்துக் கவிழ்ப்போம். நான் இருந்த இடத்தில் அறுநூறு சொச்சம் ஸ்டாக். அப்புறம் சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட் போட்டுக் காய்ச்சும் தீனி. அந்த வாடை சட்டையில் ஏறி, அறைத் தோழன் “என்னடா, கள்ளுக்கடை பக்கம் போய்ட்டு வர்றியா?” என்று கேட்டான். கலப்புக்குக் கன்னி ஈக்கள், அதாவது இன்னும் இணை சேராத பெண் ஈக்கள், வேண்டுமென்றால் கூட்டிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பிரித்தெடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையென்று அவை காத்திருக்காது. ஒரு பொங்கல் விடுமுறையில் இன்குபேட்டர் பழுதாகிச் சூடேறி, மூத்த அக்கா ஒருவர் ஓராண்டாகக் கட்டிய ஸ்டாக் மொத்தமும் போனது. அவர் அழவில்லை. மறுநாளே முதல் கலப்பிலிருந்து ஆரம்பித்தார்.

புழுவுக்கு இந்தப் பாடு இல்லை. பட்டினி கிடந்த இளம் புழுக்களைக் கிளிசரால் கரைசலில் கலந்து, மெதுவாக மைனஸ் 80-க்கு இறக்கி வைத்தால் பல ஆண்டு தாங்கும். எடுத்து உருக்கி அகார் தட்டில் ஊற்றினால் மறுநாள் சில நெளியும். எல்லாம் பிழைக்காது, பிழைக்கவும் வேண்டாம். பெரும்பாலானவை இருபாலினம் என்பதால் ஒற்றைப் புழு தானே கருவுற்று 300 குட்டி வரை போடும். ஆய்வேட்டை முடித்து மாணவர் கிளம்பிய பிறகு, ஆய்விதழின் மதிப்பீட்டாளர் ‘இந்தச் சோதனையையும் செய்யுங்கள்’ என்று எழுதுவாரே, அப்போது உறைய வைத்த புழுவின் அருமை வழிகாட்டிக்குத் தெரியும். போன பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் ஊரில் இருந்தேன். திரும்பி வந்தபோது தட்டில் அவற்றின் தீனியான பாக்டீரியா தீர்ந்து புழுக்கள் வாடியிருந்தன. ஒரு துண்டு அகாரை வெட்டிப் புதுத் தட்டில் வைத்தேன், சரியாகிவிட்டது.

புழுவில் குறை இல்லாமல் இல்லை. இதயம் கிடையாது, கண் கிடையாது, நரம்பணுக்கள் மொத்தமே 302. சிக்கலான நடத்தையையோ உறுப்பு வளர்ச்சியையோ படிக்க வேண்டுமென்றால் ஈதான் சரி. குறிப்பிட்ட திசுவில் மட்டும் ஒரு மரபணுவை இயக்க ஈயில் உள்ள கால்4 முறையின் வசதியை நான் இன்னும் பொறாமையோடுதான் பார்க்கிறேன். வரிக்குதிரை மீன், எலி பற்றி வெளியிலிருந்து பார்த்த அளவுக்குத்தான் தெரியும், அதனால் பேசவில்லை. ஈ பற்றிச் சொன்னதும் ஒரே ஆய்வகத்தில் இரண்டு மாதம் பார்த்ததுதான். சேரும் முன் தீனி காய்ச்சவும் ஸ்டாக் மாற்றவும் தனி ஆள் உண்டா என்று அங்குள்ள மாணவர்களிடம் கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் என் புலம்பலில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.