சேலம் நகரமும் ஏற்காடும்: வாக்குக் கேட்பதில் நெருக்கத்தின் பங்கு

மக்கள் நெருங்கி வாழும் பகுதி ஒரு கட்சிக்கும் சிதறி வாழும் பகுதி மற்றொரு கட்சிக்கும் வாக்களிக்கும் என்ற கணக்கு அமெரிக்காவில் பெருமளவு பொருந்துகிறது. அங்கே பெருநகரங்கள் ஜனநாயகக் கட்சியின் பக்கமும் நாட்டுப்புறம் குடியரசுக் கட்சியின் பக்கமும் நிற்கின்றன. சேலம் மாவட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது. 2021 சட்டமன்றத் தேர்தலில் இங்குள்ள 11 தொகுதிகளில் 10 அதிமுக கூட்டணிக்குக் கிடைத்தன. நெரிசல் மிகுந்த சேலம் தெற்கும் பழங்குடியினருக்கான தனித்தொகுதியான ஏற்காடும் அந்தப் பத்தில் அடக்கம். திமுக வென்ற ஒரே தொகுதியான சேலம் வடக்கும் மாநகரத் தொகுதிதான்.

ஆனால் வாக்குக் கேட்கும் முறை இடத்துக்கு இடம் மாறுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சியில் சுமார் 8.3 லட்சம் பேர் வாழ்ந்தனர். ஏற்காடு வட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ நூறு பேர்தான். சேலம் மாநகரின் குகை என்ற பகுதியில், தறி வீடுகள் நிறைந்த சந்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒரு முறை ஊர்ந்து சென்றால், தறிச் சத்தத்தையும் மீறி நூறு வீடுகளுக்குச் செய்தி போய்விடும். ஆகவே அங்கே குடிநீர், சாக்கடை, விலைவாசி என்று எல்லோருக்கும் பொதுவானதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மலையில் காப்பித் தோட்டங்களுக்கு அப்பால் தள்ளித் தள்ளி இருக்கும் சிற்றூர்களுக்கு ஜீப்பில் போய், ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. பேச்சும் சாலை, பேருந்து, சாதிச் சான்றிதழ், வன உரிமைப் பட்டா என்று அந்தந்த ஊரின் தேவையையே சுற்றி வரும்.

இந்த ஒப்பீட்டில் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. ஏற்காடு என்பது பெயரளவில்தான் மலைத்தொகுதி. வட்டத்தின் மொத்த மக்கள்தொகையே அரை லட்சத்தை எட்டாதபோது, தொகுதியின் வாக்காளர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் போன்ற அடிவார ஊர்களைச் சேர்த்தால்தான் அந்த எண்ணிக்கை தேறும். 2013 டிசம்பர் இடைத்தேர்தலில் இங்கே 89 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானது. அமைச்சர்களும் கட்சிக்காரர்களும் முகாமிட்டுக் கிடந்த தேர்தல் என்பதால், அதை மலைமக்களின் ஆர்வம் என்று மட்டும் படிப்பது சரியாகாது. வேட்பாளர் பழங்குடியினராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவருடைய பிரசார நாட்கள் எங்கே செலவாக வேண்டும் என்பதை முடிவுசெய்வதோ நெருக்கம்தான். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும் நேரத்தில் வாழப்பாடியில் நான்கு தெருக்களை முடித்துவிடலாம் என்பது எந்தப் பூத் கமிட்டிக்காரருக்கும் தெரிந்த கணக்கு.