ஆறு வருடமாக எங்கள் வீட்டுச் சுருதிப் பெட்டி

சென்னையில் வாங்கி வந்த எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. பாட்டுக்குப் பின்னணியாக ச, ப ஸ்வரங்களை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் ஆறு வருடமாக இருக்கிறது. மனைவி பாடுவாள், நான் மிருதங்கம். மேடை ஆசை இருவருக்கும் கிடையாது. சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

இந்திய பிளக்கின் உருண்டை முனை இங்கே நுழையாது. தேக்காவில் ஒரு அடாப்டர் வாங்கியதோடு அது தீர்ந்தது. மின்சாரம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான்.

பெரிய சிக்கல் எங்கள் குரல். ஒருவர் எந்த உயரத்தில் ச வைத்துப் பாடுகிறார் என்பதுதான் கட்டை. அவளுக்கு 5 கட்டை, எனக்கு 1 கட்டை. கீபோர்டில் ஜி, சி. சேர்ந்து பாட ஆசைப்பட்டு 3, 4 என்று குமிழைத் திருகிப் பார்த்தோம். ஒரு பக்கம் அவள் முனகல், மறுபக்கம் என் அலறல். சில மாதங்களில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் புன்னாகவராளி ராகம் பாடுவதற்காக அவள் பெட்டியில் ப-வை ம-வுக்கு மாற்றினாள். மத்திம சுருதி, அதாவது ம-வையே ச-வாக வைத்துப் பாடுவது. அவளுடைய 5 கட்டையின் மத்திமம் எது? என்னுடைய ச! தாளத்தை விட்டுவிட்டு ஒரு ஸ்தாயி கீழே நானும் சேர்ந்துகொண்டேன். “என்னங்க, இத்தனை நாளா இது தோணவே இல்லையே!” என்று சிரித்தாள். இப்போது செஞ்சுருட்டி, குறிஞ்சி, நாதநாமக்கிரியை எல்லாம் எங்கள் இருவருக்கும் பொது. மற்ற ராகங்கள் அவளுக்கு.

குறை இல்லாமல் இல்லை. போட்டவுடன் சுருதி லேசாக நகரும். பத்து நிமிடம் கழித்து ஒரு முறை சரி செய்ய வேண்டும். எனக்குத் தெரியாது, அவள் காது விடாது. போன் செயலியையும் முயன்றோம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கீழ் ச எங்கே கேட்கிறது? நடுவில் அழைப்பு வேறு வந்துவிடும்.

பெட்டியைவிட மிருதங்கம்தான் என்னைப் படுத்துகிறது. இந்த ஊர் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். மூட்டில் (தோலின் பின்னல் விளிம்பில்) கல்லால் தட்டி, தொப்பிக்கு (இடது பக்கத்துக்கு) ரவை பிசைந்து ஒட்டி முடிப்பதற்குள் அவள் இரண்டு பாட்டு பாடியிருப்பாள். தட்டும் சத்தம்தான் கீழ் வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யும் என்று பயந்தேன். மின்தூக்கியில் பார்த்தபோது அவர் கேட்டது, “நேற்று ஏன் வாசிக்கவில்லை?” என்று.

புதிதாக வாங்கும் தம்பதிகள் நிறம், அளவு எல்லாம் அப்புறம் பாருங்கள். ம-வுக்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.